மதினி ஆடிட்டர் இல்லை

எங்கள் அலுவலகப் பலகையில் ஒரு வார்த்தை நீலப் பெயின்டுக்கு அடியில் கிடக்கிறது. காலையில் அது தெரியாது. மதியத்துக்கு மேல் வெயில் சாய்வாக விழும்போது, மதினியின் பெயருக்குக் கீழே ‘ஆடிட்டர்’ என்ற எழுத்துகள் மங்கலாக எழுந்து வரும். பலகை எழுதியவர் தாமாகச் சேர்த்த வார்த்தை அது. வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிற யாரையும் எங்கள் ஊரில் ஆடிட்டர் என்றுதான் சொல்வார்கள். மரியாதைக்காகச் சேர்த்திருந்தார் பாவம். பலகையை மாட்டுவதற்கு ஏணியில் பாதி ஏறிவிட்டவரை மதினி கீழே இறங்கச் சொன்னாள்.

“அண்ணாச்சி, ஆடிட்டர்னா அதுக்குன்னு பெரிய படிப்பு இருக்கு. நான் அதைப் படிக்கல. அழிச்சிருங்க.”

“யாரு வந்து பாக்கப் போறாவ மேடம்? பலகைக்கு ஒரு எடுப்பா இருக்கும்லா?”

“எடுப்பாத்தான் இருக்கு. உண்மையா இல்லையே.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே நீலத்தைக் குழைத்துப் பூசினார். பூச்சு மெல்லியது. அதனால் இன்றைக்கும் பிற்பகல் தோறும் அந்த வார்த்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

மதினி என் அண்ணனின் மனைவி. எம்.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் பல வருஷம் திருநெல்வேலி ஜங்ஷனில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ரிட்டர்ன்கள் காகிதத்திலிருந்து கணினிக்கு மாறிய காலத்தில், தபால் இலாகாவில் இருந்த என் அண்ணனின் சிநேகிதர்களுக்கு வீட்டிலிருந்தே போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள். அவர்கள் தங்கள் சொந்தக்காரர்களைக் கூட்டி வந்தார்கள். வீட்டு முன்னறையில் செருப்பு வைக்க இடமில்லாமல் போனபோது, பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியறையை வாடகைக்குப் பிடித்தாள். நான் அப்போது மும்பையில் இருந்தேன். என் கணவர் இறந்து, நான் ஊருக்குத் திரும்பி, அண்ணன் வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு காலையில், மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டே வந்து நின்றாள். “ஏளா, நீயும் பி.காம். தான? ஜூலை முடியுததுக்குள்ள எல்லாருக்கும் ரிட்டர்ன் போடணும், ஒத்தையில முடியல. சாப்பாட்டை எடுத்துட்டு வா, போவோம்” என்றாள். ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்த ஜூலை முடிந்தபோது நான் அழுது கொஞ்ச நாள் ஆகிவிட்டது என்பதை நானே கவனித்தேன். அதற்குப் பிறகு நான் அந்த அறையை விட்டுப் போகவில்லை.

வரி வேலை என்றால் கணக்கு வேலை என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கணக்கு அதில் கொஞ்சம்தான். மீதியெல்லாம் மனிதர்களின் பெயரும் போனும்தான். வருமான வரித் தளத்துக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று வேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரைக் கொண்டுபோய் அந்தக் கட்டத்தில் வைப்போம். பான் கார்டில் அப்பா பெயர் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், வங்கியில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி நிற்கும். மூன்றும் ஒரே ஆள் என்று கணினியை நம்ப வைப்பதற்குள் பாதி நாள் போய்விடும். பெயர் சரியானால் அடுத்தது ஓ.டி.பி. மேலப்பாளையத்தில் துண்டும் கைலியும் மொத்த வியாபாரம் செய்கிற பாய் ஒருவருக்கு வருகிற ஓ.டி.பி. எல்லாம் துபாயில் இருக்கிற மகனின் போனுக்குத்தான் போகும். “மவன் டூட்டில நிக்கான் மேடம், செத்த நேரத்துல கூப்பிடுவான்” என்று சொல்லிவிட்டு பாய் பெஞ்சில் சாய்ந்து தூங்கிப் போவார். மகன் கூப்பிடும்போது அந்த எண் காலாவதியாகியிருக்கும். மறுபடி அனுப்பச் சொன்னால் மகன் மறுபடி டூட்டிக்குப் போயிருப்பான்.

ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் வருவார். யாரிடமும் ஓ.டி.பி.யைச் சொல்லக் கூடாது என்று டி.வி.யில் போலீஸ்காரர்கள் சொன்னதைக் கேட்டவர். மதினியிடமும் சொல்ல மாட்டார். “உங்கள நம்பாம இல்ல மேடம். சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காவ, நான் சொல்லமாட்டேன்” என்பார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். மதினிக்கு அது பிடித்திருந்தது. கீபோர்டை அவர் பக்கம் திருப்பி வைத்து, “நீங்களே அடிங்க சிஸ்டர், நான் அந்தப் பக்கம் பாக்கேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவர் கண்ணாடியைத் தேடி, போனைத் திறந்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எண்ணாகத் தட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். திரும்பவும் அனுப்புவோம். வெளியே படிக்கட்டில் ஆட்கள் நிற்பார்கள். மதினி சுவரைப் பார்த்தபடியே பொறுமையாக உட்கார்ந்திருப்பாள்.

இந்தப் பொறுமை மனிதர்களுக்கு மட்டும்தான். கணினியிடம் அவளுக்குக் கொஞ்சமும் கிடையாது. கடைசி வாரத்தில் தளம் நின்று போய், நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுழன்றுகொண்டிருக்கும்போது, “இந்தா பாரு, சாமி வந்தவ மாதிரி சுத்துது! வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுதா பாரு!” என்று திட்டுவாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவாள், யாராவது வந்தால் கண்ணைத் திறக்காமலே “பான் கார்டு இருக்கா?” என்று கேட்பாள். பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கி மிளகாய்ப்பொடி தடவி டிராயரில் வைத்திருப்பாள். வாடிக்கையாளர்களுக்குத் திரும்பக் கொடுத்த சில காகிதங்களில் அந்தச் சிவப்பு விரல் அடையாளம் கட்டாயம் இருந்திருக்கும்.

தசரா சமயத்தில் நடந்த ஒன்றை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். எங்களிடம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிற ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர், ஒவ்வொரு வருஷமும் குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு மாலை போட்டு வேஷம் கட்டுவார். அந்த வருஷம் அனுமார். அவர் மாதக் கணக்கைக் கொண்டுவராமல் விட்டு, கடைசி நாளும் வந்துவிட்டது. போன் எடுக்கவில்லை. மத்தியானம் மேளச் சத்தத்தோடு தெருவில் காணிக்கை எடுத்து வந்தவர், எங்கள் மாடியைக் கண்டதும் ஞாபகம் வந்து படியேறிவிட்டார். உடம்பெல்லாம் பச்சை, முகத்தில் வீங்கிய வாய், பின்னால் நீண்ட வால். காத்திருந்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். மதினியும் எழுந்து தட்டில் காணிக்கை போட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதே மூச்சில், “உக்காருங்க அண்ணாச்சி, ஓ.டி.பி. வரும், சொல்லிட்டுப் போங்க” என்றாள். அவர் வாலை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்து, பொய் வாய்க்குள்ளிருந்து ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். அபராதம் இல்லாமல் அந்த மாதம் முடிந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த எங்கள் அலுவலகத்துக்கு ஒரு சோதனை வந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி ஒரே பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள். அவர்களை எங்களிடம் கூட்டி வந்தவர் அந்தப் பள்ளியின் பிசிக்ஸ் சார். உயரமாக, சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் தூளோடு இருப்பார். யாருக்கு மருத்துவமனைக்குத் துணை வேண்டுமென்றாலும், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வேன் பிடிக்க வேண்டுமென்றாலும் அவர்தான் முன்னால் நிற்பார். ஒரு மே மாதத்தில் அவர் தனியாக வந்து, வெளியூரிலிருந்து ஒரு ஆள் வந்திருப்பதாகவும், சம்பளத்தில் பிடித்த வரி முழுவதையும் திரும்ப வாங்கித் தருவதாகவும், அதில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

“அவர் செய்யுதாரு மேடம். மத்த பள்ளிக்கூடத்துல எல்லாம் வாங்கிட்டாவ. நீங்களே எங்களுக்குப் போட்டுக் கொடுத்திட்டா நாங்க ஏன் வெளிய போறோம்?”

“எப்படிப் போடச் சொல்லுதிய சார்?”

“வாடகை கட்டுததா காட்டலாமாம். அப்புறம் நன்கொடை, வைத்தியச் செலவு… ரசீது எதுவும் கேக்க மாட்டாவளாம்.”

மதினி பேனாவை மூடி வைத்தாள். “சார், நீங்க சொந்தமா கட்டுன வீட்டுப் பால்காய்ப்புக்கு நான் வந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்கேன். இப்ப அந்த வீட்ல நீங்க வாடகைக்கு இருக்கியன்னு எந்தக் கையால எழுதுவேன்?”

அவர் சிரித்துவிட்டார். மதினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் அவர் போனார். ஆனால் அந்த ஜூலையில் அவர் வரவில்லை. அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் வரவில்லை. வழக்கமாகப் படிக்கட்டு வரை ஆள் நிற்கிற வாரத்தில், பெஞ்சில் பாய் மட்டும் நீட்டிப் படுத்துத் தூங்கினார். மதினி நாற்காலிகளைத் துடைத்தாள். பழைய கோப்புகளை அடுக்கினாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். கீழே ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி மேலே வந்து, “என்ன மேடம், இந்த வருசம் கூட்டத்தையே காணும்?” என்று கேட்டபோது, “வருவாவ அண்ணாச்சி” என்றாள். அடுத்த வருஷமும் யாரும் வரவில்லை. அறையை விட்டுவிட்டு வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று நாங்கள் பேச ஆரம்பித்தோம். அண்ணன் அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் சாப்பிடும்போது, “ஊரே செய்யுது. கொஞ்சம் வளைஞ்சு கொடுத்தா என்ன?” என்று மெதுவாகக் கேட்டார். மதினி அவர் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “நாளைக்கு நோட்டீஸ் வந்தா அவங்க பேருக்குத்தான வரும்? என் பேருக்கா வரும்? எனக்கு ஒண்ணும் ஆகாது. அதான் பயமா இருக்கு” என்றாள். அண்ணன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

நோட்டீஸ் வந்தது. முதலில் வந்தது எச்சரிக்கைதான்: நீங்கள் கேட்ட வரிக் கழிவுகளைச் சரிபாருங்கள், தவறு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள் என்று வருமான வரித் துறையிலிருந்து ஆசிரியர்களின் போன்களில் செய்தி வந்தது. அந்த வெளியூர் ஆளின் எண் அதற்குள் அணைக்கப்பட்டிருந்தது. எங்களுக்கு முதல் போன் செய்தவர் அந்தப் பள்ளியின் தமிழம்மா. மதினி நடந்தது எதையும் கேட்கவில்லை. “செவ்வாக்கிழமை சாயங்காலம் வாங்க. அந்த நேரம் இங்கன யாரும் இருக்க மாட்டாவ” என்றாள். அடுத்தவர் பேசியபோது அவருக்கு வேறொரு நேரம் சொன்னாள். ஒருவரை ஒருவர் பார்த்தால் கூச்சப்படுவார்கள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக வரச் சொன்னாள்.

மதினியின் ஏற்பாடு ஆசிரியர்களிடம் செல்லுபடியாகவில்லை. செவ்வாய்க்கிழமை எல்லோரும் பதற்றத்தில் முன்கூட்டியே வந்துவிட்டார்கள். முதலில் வந்தவர் படியேறப் பார்க்கையில் பின்னால் சக ஆசிரியரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டு, சட்டென்று ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்து ஏதோ ஒரு காகிதத்தை நீட்டினார். ஸ்கூட்டரில் வந்தவர் இன்னொருவரைப் பார்த்துவிட்டு அவரும் கடைக்குள் நுழைந்தார். நான் டீ வாங்கக் கீழே போனபோது, அந்தச் சின்னக் கடைக்குள் அரைப் பள்ளிக்கூடமே நின்று தத்தம் ஆதார் அட்டையை நகல் எடுத்துக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடை அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏன் சார், எல்லாரும் ஒரே நேரத்துல ஆதார தொலைச்சிட்டியளா?” என்று அவர் கேட்டதும், தமிழம்மா முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே வரிசையாக மாடிக்கு வந்தார்கள்.

மேலே வந்த பிறகு சிரிப்பு நிலைக்கவில்லை. ஒவ்வொருவர் பெயரிலும் அந்த ஆள் என்ன எழுதியிருந்தான் என்று திறந்து பார்த்தோம். கட்டாத வாடகை, கொடுக்காத நன்கொடை. தமிழம்மாவின் ரிட்டர்னில் அவருடைய மகளுக்குக் கடுமையான ஊனம் என்று எழுதி அதற்குக் கழிவு வாங்கியிருந்தான். தமிழம்மாவுக்கு அது தெரியாது. வந்த பணத்தைத்தான் பார்த்தாரே தவிர, போட்ட ரிட்டர்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், “எம் புள்ள… ஓட்டப்பந்தயத்துல ஓடுத புள்ள மேடம்…” என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மதினி எழுந்து போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “மொதல்ல இதை எடுத்திருவோம். மத்ததெல்லாம் பொறவு” என்றாள். அன்றைக்கு நாங்கள் முதலில் திருத்தியது அதைத்தான். வாங்கியதை வட்டியோடும் கூடுதல் வரியோடும் எல்லோரும் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. கட்டினார்கள். மனம் கசந்தவர்கள், கோபப்பட்டவர்கள் உண்டு. அந்தக் கோபம் முழுவதும் பிசிக்ஸ் சார்மேல் போய் விழுந்தது. அவர்தானே எல்லோரையும் கூட்டிப் போனவர்.

அவர் மட்டும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் நீண்ட விடுப்பு போட்டிருந்தார். ஒருநாள் அவருடைய மனைவி அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஆள் கல்லிடைக்குறிச்சியில் பூட்டிக் கிடந்த தன் அம்மா வீட்டைத் திறந்து அதில் போய் உட்கார்ந்துவிட்டார், போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டார், சரியாகச் சாப்பிடுவதில்லை, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொல்கிறார் என்றார். குரலில் இருந்த பயம் எனக்கே கேட்டது. மதினி போனை வைத்துவிட்டு, “ஞாயித்துக்கிழமை செங்கோட்டை பாசஞ்சர் எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள்.

ரயிலில் முழுவதும் மடிக்கணினிப் பையை மடியில் வைத்தபடி ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். என்ன பேசப் போகிறாய் என்று கேட்டேன். “தெரியல. ரிட்டர்ன் போடத் தெரியும். அதைப் போடுவோம்” என்றாள். அக்கிரகாரத் தெருவில் பல வாசல்களில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. பிசிக்ஸ் சார் கதவைத் திறந்ததும் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். தாடி வளர்ந்திருந்தது. சட்டைப் பையில் சாக்பீஸ் தூள் இல்லாமல் அவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“நீங்க ஏன் மேடம் வந்திய? உங்க ஆபீஸ்லருந்து எல்லாரையும் கூட்டிட்டுப் போனவனே நான்தான.”

“கூட்டிட்டுப் போனிய. இப்ப எல்லாரும் திரும்பி வந்துட்டாவ. நீங்க ஒருத்தர்தான் வரல. அதான் நாங்க வந்தோம்.”

அவரோடு அங்கேயே வந்து தங்கியிருந்த மனைவி காப்பி கொடுத்தார். மதினி மடிக்கணினியைத் திறந்தாள். அந்தக் கனத்த சுவர்களுக்குள் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. முற்றத்தில் பார்த்தோம், வாசலில் பார்த்தோம். “ஆத்தங்கரைக்குப் போனா கிடைக்கும்” என்றார் அவர் மனைவி. அதனால் எல்லோரும் கிளம்பிப் படித்துறைக்குப் போனோம். வெகுநாள் கழித்து அவர் வெளியே வந்தது அப்போதுதானாம். தலையைக் குனிந்தபடியே நடந்தார். கீழ்ப்படிகளில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். மேல்படியில், அரசமர நிழலில், மதினி மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெயிலில் திரை தெரியவில்லை என்று நான் என் குடையை விரித்துப் பிடித்தேன்.

“பள்ளிக்கூடத்துக்கு இனிமே எந்த மூஞ்சியோட போவேன் மேடம்?”

“அதுக்கு எங்கிட்ட ஃபாரம் கிடையாது சார். இதுக்கு இருக்கு. இதை மொதல்ல முடிப்போம். போனை எடுங்க.”

வரி கட்ட அவர் வங்கியிலிருந்து ஒரு எண் வர வேண்டும், ரிட்டர்னை உறுதிசெய்ய இன்னொரு எண் வர வேண்டும். போனை ஆன் செய்யாமல் முடியாது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஆன் செய்ததும், இத்தனை நாளாகத் தேங்கிக் கிடந்த செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலித்தபடி வந்து விழுந்தன. ஒவ்வோர் ஒலிக்கும் அவர் தோள் குறுகியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அதையெல்லாம் பொறவு படிக்கலாம் சார்,” என்றாள் மதினி. “இப்ப வார ஆறு நம்பரை மட்டும் பைய சொல்லுங்க.”

அவர் சொன்னார். முதல் முறை எண் மாறிவிட்டது. இரண்டாம் முறை சரியாக வந்தது. பணம் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த எண்ணையும் சொன்னார். திருத்திய ரிட்டர்ன் ஏற்கப்பட்டதாகத் திரையில் வந்ததும் மதினி அதை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் அதைப் படித்தார். படித்துவிட்டு, தைரியம் வந்தவரைப் போல, போனில் இருந்த மற்ற செய்திகளைத் திறந்தார். திட்டி வந்தவை இருந்தன; இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பாலானவை ஆசிரியர் குழுவில் யாரோ தினமும் அனுப்புகிற காலை வணக்கப் பூப்படங்கள். யாருக்கு எந்த வகுப்பு என்ற மாற்றுப் பட்டியல்கள். நடுநடுவே தமிழம்மாவிடமிருந்து ஒரே செய்தி மறுபடி மறுபடி வந்திருந்தது: ‘சார், லேப்ல குழாய் ஒழுகுது. சாவி எங்க வச்சிருக்கிய?’ அதைப் படித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் உடைந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் மனைவி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். மதினி மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, அக்கரையில் மாடுகள் தண்ணீர் குடிப்பதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அடுத்த வாரம் பள்ளிக்கூடம் போனார். உள்ளே நுழைந்ததும் தமிழம்மா கையை நீட்டி, “சாவி எங்க சார்?” என்று மட்டும் கேட்டாராம். பேச்சு வார்த்தை பழையபடி ஆக நாள் பிடித்தது. சிலரோடு கடைசிவரை ஆகவே இல்லை. ஆனால் அவர் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கவில்லை.

போன வருஷம் கடைசி நாள் ரிட்டர்ன்களை முடித்துவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று சொன்னாள் மதினி. களைப்பு எல்லா வருஷமும் இருப்பதுதானே என்று நாங்கள் நினைத்தோம். இதயத்தில் அடைப்பு என்றார்கள். மருத்துவமனைப் படுக்கையிலும் யாரோ போன் செய்து, “ஆடிட்டர் மேடம்தான?” என்று கேட்க, மூக்கில் குழாயோடு, “ஆடிட்டர் இல்ல, சொல்லுங்க” என்றாள். வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். வேன் பிடித்தவர் பிசிக்ஸ் சார்தான்.

இந்த ஜூலையில் நான் தனியாக அந்த அறையில் உட்கார்ந்தேன். எல்லோருக்கும் போட்டு முடித்த பிறகு மதினிக்குப் போட வேண்டியிருந்தது. ஆள் போன பிறகும், உயிரோடு இருந்த மாதங்களுக்கு ஒரு ரிட்டர்ன் உண்டு. அதை வாரிசு போட வேண்டும். அதற்கு முதலில் அண்ணனைச் சட்ட வாரிசாகத் தளத்தில் பதிய வேண்டும். அவரை வரச் சொன்னேன். நன்றாகத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, சான்றிதழ்களை ஓர் உறையில் வைத்து எடுத்து வந்தார். இத்தனை வருஷத்தில் வாடிக்கையாளர் நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மதினியின் பான் எண்ணை அடித்தேன். பெயர் வந்தது. அதற்குக் கீழே ‘இறந்த தேதி’ என்று ஒரு கட்டம். அதைத் தொட்டதும் சின்னக் காலண்டர் ஒன்று விரிந்தது. வருஷத்தைத் தேர்ந்தெடுத்து, மாதத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் அந்த நாளைத் தொட வேண்டும்.

அண்ணன் திரையைப் பார்த்தார். “அதைப் போடாட்டா ஏத்துக்காதா ஏட்டி?”

“ஏத்துக்காதுண்ணே.”

அண்ணன் உறையை மேசையில் வைத்தார். பிறகு எழுந்தார். “நீ போடு. நான் கீழ போய்க் காப்பி வாங்கிட்டு வாரேன்.”

அவருடைய செருப்புச் சத்தம் படியிறங்கிக் கேட்காமல் போகிறவரை காத்திருந்தேன். பிறகு அந்த நாளைத் தொட்டேன். காலண்டர் தானாக மூடிக்கொண்டது. அண்ணன் திரும்பி வந்தபோது காப்பி ஆறியிருந்தது. எங்கோ நின்றுவிட்டு வந்திருக்கிறார். டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டார்.

“போட்டுட்டியா?”

“போட்டுட்டேன்.”

“சரியா இருக்கான்னு இன்னொரு தடவை பாத்துக்கோ. தப்பா இருந்தா அவ விடமாட்டா.”

நான் முதல் கட்டத்திலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தேன்.